தானாக வந்தவளுக்கு இன்னொருவர் கையெழுத்து

1. காலை ஏழே கால்

இரவு சி ஷிப்ட் முடிந்து ஹாஸ்டல் பஸ்கள் கிளம்பிக்கொண்டிருந்தன. பேச்சியம்மாள் பஸ்ஸில் ஏறாமல் நேராக எங்கள் மருத்துவ அறைக்கு வந்தாள். யாரும் தாங்கிப் பிடித்துக் கூட்டிவரவில்லை. கதவைத் தட்டினாள். செருப்பை வெளியே விட்டாள். ஸ்டூலில் உட்கார்ந்து, முன்பே யோசித்து வைத்திருந்ததுபோல் நிதானமாகச் சொன்னாள்.

"அக்கா, என்னைய எந்த ஆஸ்பத்திரிலயாவது சேத்து விடுங்க. தூங்கி நாலு நாளாச்சு. ரூம்ல படுத்தாலும் டெஸ்டர் பஸர் கேக்கு. யாரோ பேரச் சொல்லிக் கூப்பிடுதாப்ல கேக்கு. யாரும் இல்லன்னு எனக்குத் தெரியுது. தெரிஞ்சும் கேக்கு."

ஒரகடத்துக்கும் சேரப்பணஞ்சேரிக்கும் இடையில் கார்களுக்கு வயரிங் கட்டுகள் செய்யும் தொழிற்சாலை எங்களுடையது. நான் அங்கே நர்ஸ். லைனில் வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் தெற்கிலிருந்து வந்து கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண்கள். டாக்டர் காலை பத்து மணிமுதல் பன்னிரண்டு வரை இருப்பார். மற்ற நேரமெல்லாம் நர்ஸ் எழுதுவதுதான் எழுத்து. இதுபோன்ற அறைகளில் புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கல்லூரியில் இதையெல்லாம் சொல்லித்தரவில்லை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. சொல்லித்தந்தார்கள். மனநல மருத்துவமனைச் சேர்க்கை வகைகள் பற்றிய பத்து மதிப்பெண் கேள்விக்கு நான் முழுப் பதில் எழுதினேன்.

பேச்சியம்மாளுக்கு இருபத்து மூன்று வயது. சங்கரன்கோவில் பக்கத்து ஊர். ட்ரெய்னியாகச் சேர்ந்து ஒன்றரை வருடம். அவள் நிற்பது டெஸ்டர் ஸ்டேஷனில். கட்டி முடித்த வயரிங்கைப் பலகையில் செருகினால், எல்லா இணைப்பும் சரி என்றால் பச்சை விளக்கு எரியும். ஒன்று பிசகினாலும் பஸர் அலறும். ஆள் பற்றாக்குறையால் மூன்று வாரமாகத் தொடர்ந்து இரவு ஷிப்ட்.

பதிவேட்டில் நான் எழுதியவை:

ரத்த அழுத்தம் 130/84. நாடித்துடிப்பு 104. காய்ச்சல் இல்லை.
நான்கு நாளாகத் தூக்கமில்லை. சாப்பாடு குறைவு.
யாரோ அழைப்பதுபோல் குரல் கேட்கிறது. அது உண்மையில்லை என்ற தெளிவு இருக்கிறது.
தேதி, இடம், லைன் எண் மூன்றையும் சரியாகச் சொல்கிறாள்.
தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்டேன். இல்லை என்றாள்.

அத்தோடு நிறுத்தினேன். அவளாக வந்தாள், அவளாகவே ஆஸ்பத்திரியில் சேரக் கேட்டாள் என்பதை எழுதவில்லை. எனக்கு அது நோயின் விவரமாகத் தோன்றவில்லை.

அவள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். ஊருக்குச் சொல்லக் கூடாது. தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரி என்றேன்.

2. வண்டிச் சீட்டு

தண்டலம் தாண்டி, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு தனியார் மனநல மருத்துவமனை இருக்கிறது. எங்கள் இன்ஷூரன்ஸ் பட்டியலில் இருந்தது அது ஒன்றுதான். அங்கே போக வண்டி வேண்டும். வண்டி வேண்டுமென்றால் கேட்டில் சீட்டு கொடுக்க வேண்டும்.

அந்தச் சீட்டைப் பற்றி விளக்கமாகச் சொல்ல வேண்டும். தவறு அங்கேதான் தொடங்கியது. முன்பு தலைவலிக்கெல்லாம் ஆம்புலன்ஸ் போகிறது என்று யாரோ புகார் சொல்ல, நடக்க முடிந்தவர்களுக்கு வண்டி கிடையாது என்று சுற்றறிக்கை வந்தது. சீட்டில் நான்கு கட்டங்கள். நினைவிழப்பு. எலும்பு முறிவு அல்லது ரத்தப்போக்கு. தனியே விடக் கூடாதவர். தன்னைத் தானே கவனித்துக்கொள்ள இயலாதவர். இவற்றில் ஏதாவது டிக் ஆகியிருந்தால்தான் செக்யூரிட்டி வண்டியை விடுவார்.

மாதவிடாய் வலியில் துடிக்கும் பெண்ணை ஆட்டோவில் அனுப்ப எந்த நர்ஸுக்கும் மனம் வராது. அதனால் மூன்றாவதையும் நான்காவதையும் டிக் செய்வோம். எல்லாருக்கும், எப்போதும். எங்கள் மூன்று ஷிப்ட் நர்ஸ்களுக்கும் இது கைப்பழக்கம். செக்யூரிட்டிக்குத் தெரியும், ஹெச்.ஆருக்கும் தெரியும். போகிற ஆஸ்பத்திரியில் அந்தச் சீட்டை யாரும் படிப்பதில்லை. கை உடைந்திருக்கிறதா என்று கையைப் பார்ப்பார்கள், காகிதத்தைப் பார்க்க மாட்டார்கள்.

பேச்சியம்மாளுக்கும் இரண்டு கட்டங்களையும் டிக் செய்தேன். அவள் எதிரே உட்கார்ந்து நான் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

சீட்டின் அடியில் 'பொறுப்பாளர்' என்று ஓர் இடம். ஹாஸ்டல் பெண்கள் எல்லாருக்கும் அதில் வார்டன் பெயர்தான். வார்டன் கஸ்தூரி மேடத்துக்கு ஐம்பது வயது இருக்கும். நூற்று எண்பது பெண்களைத் தனியாளாக மேய்ப்பவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். விஷயத்தைக் கேட்டதும், "தூக்கம் வரலன்னு ஆஸ்பத்திரியா? எனக்கு இருவது வருசமா வரல. என்னையும் சேத்துடு சிஸ்டர்" என்றார். பேச்சியம்மாளே சிரித்தாள்.

ஹெச்.ஆரிலிருந்து தயாளன் சார் வந்தார். சீட்டில் அவர் கையெழுத்தும் வேண்டும். அந்தப் பெண் தானாகவே கேட்டு வந்திருக்கிறாள், சுயவிருப்பத்தில் சேர்க்கலாம் என்று அவரிடம் நான் சொன்னேன். வாயால்தான் சொன்னேன்.

அவர் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினார்.

"சிஸ்டர், வாலண்டரின்னு போட்டா அந்தப் பொண்ணு நெனச்சப்ப எழுந்து வெளிய வந்துடும். ஹைவே ஓரம் ஆஸ்பத்திரி. நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா டிவிக்காரன் ஆஸ்பத்திரி வாசல்ல நிக்க மாட்டான், நம்ம கேட்ல நிப்பான். மேடம் கையெழுத்து போடட்டும். அவங்களா கையெழுத்து போட்டு வெளிய எடுக்கற வரைக்கும் பொண்ணு சேஃப். நாமளும் சேஃப்."

சட்டப்படி அது கூடாது என்பது எனக்குத் தெரியும். தன் நிலையைப் புரிந்துகொண்டு, தானே சிகிச்சை கேட்டு வரும் வயது வந்தவரைச் சுயவிருப்பத்தில்தான் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்பவர் போகிறேன் என்றால் விட வேண்டும். டாக்டருக்கு உயிர் பயம் இருந்தால் மட்டும் பரிசோதனைக்காக ஒரு நாள் வரை நிறுத்திவைக்கலாம். அடுத்தவர் விண்ணப்பத்தின் பேரில் சேர்ப்பது கடைசி வழி. அதற்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் இதமானது, 'ஆதரவுடன் கூடிய சேர்க்கை'. தனக்கோ பிறருக்கோ ஆபத்து உண்டாக்குபவர், அல்லது ஆபத்து வரும் அளவுக்குத் தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாதவர், இவர்களுக்கானது.

தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாதவர். அந்தக் கட்டத்தைத்தான் டிக் செய்திருந்தேன். ஏழே முக்காலுக்கு காலை ஏ ஷிப்டில் ஒருவருக்குக் கையில் டெர்மினல், வயர் நுனியில் பொருத்தும் உலோக முனை, குத்திவிட்டது என்று போன் வந்தது. சீட்டைத் தயாளன் சாரின் கையெழுத்துக்கு நீட்டிவிட்டு, முதலுதவிப் பெட்டியோடு லைனுக்குப் போனேன்.

3. ஆறு நிமிடம்

டாக்டர் வந்து பதிவேட்டைப் பார்த்து ரெஃபரல் எழுதித் தந்த பிறகு, பத்தரை மணிக்குக் கிளம்பினோம். வண்டியில் பேச்சியம்மாள், கஸ்தூரி மேடம், நான். படப்பை தாண்டுவதற்குள் பேச்சியம்மாள் தூங்கிவிட்டாள். நான்கு நாளுக்குப் பிறகு வந்த முதல் தூக்கம். இரண்டு பேர் கூட இருக்கிறார்கள், எங்கே போகிறோம் என்று தெரியும், அதனால் வந்த தூக்கம் என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டேன்.

அந்தத் தூக்கம்தான் அவளுக்கு எதிராக நின்றது. மருத்துவமனையில் எழுப்பி உட்கார வைத்தோம். கண் சொருகியது. மனநல டாக்டர் கேட்டவற்றுக்கு ஒரு சொல், அரைச் சொல்லாகத்தான் பதில் வந்தது. மீதியை மேடம் சொன்னார்.

"நாலு நாளா தூக்கம் கெடையாது டாக்டர். யாரோ கூப்புடறாங்கன்னு சொல்லிக்கினு கீது. நூத்தியெம்பது பொண்ணுங்க இருக்கற வூடு அது. தனியா வுட பயமா கீது."

டாக்டர் சீட்டைப் பார்த்தார். வண்டிச் சீட்டுதான், ரெஃபரல் கடிதத்தோடு பின் செய்திருந்தது. டிக் போட்ட இரண்டு கட்டங்களிலும் பேனாவால் வட்டம் போட்டார். இங்கே பார்ப்பதற்கு உடைந்த கை இல்லை. காகிதம்தான் இருந்தது. பக்கத்து அறையிலிருந்து இன்னொரு டாக்டர் வந்தார். அவரும் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சட்டம் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்கிறது. பார்த்தார்கள். சுவர்க் கடிகாரத்தைக் கவனித்தேன். இரண்டு பேருக்கும் சேர்த்து ஆறு நிமிடம்.

விண்ணப்பத்தில் உறவுமுறை என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று மேடம் கேட்டார். கூடவே தங்கியிருந்து பார்த்துக்கொள்பவர்தானே, பராமரிப்பாளர் என்று எழுதுங்கள் என்றார் வரவேற்பில் இருந்தவர். மேடத்திடம் பேனா இல்லை. என் பேனாவைக் கொடுத்தேன்.

பேச்சியம்மாளின் செல்போன், சங்கிலி, கைப்பை எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுப் பொறுப்பாளரிடம் கொடுத்தார்கள். பிற்பகல் இரண்டு மணிக்குக் கம்பெனிக்குத் திரும்பினோம். பதிவேட்டில் 'பத்திரமாகச் சேர்க்கப்பட்டார்' என்று எழுதி அந்தப் பக்கத்தை முடித்தேன்.

4. ஞாயிறு

என் வார விடுமுறை ஞாயிற்றுக்கிழமை வந்தது. குன்றத்தூரிலிருந்து பஸ் பிடித்துப் பார்க்கப் போனேன். பொறுப்பாளர் தவிர யாரையும் விட முடியாது என்றார்கள். கம்பெனி நர்ஸ் என்று அடையாள அட்டையைக் காட்டியதும் விட்டார்கள்.

தாழ்வாரத்தில் நோயாளிகளின் உரிமைகள் என்று ஒரு பலகை மாட்டியிருந்தது. பன்னிரண்டு வரிகள், ஆங்கிலத்தில். பேச்சியம்மாள் பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவள்.

அவள் தேறியிருந்தாள். முகம் தெளிந்திருந்தது. குரல் கேட்பது நின்று இரண்டு நாளாகிறது என்றாள். என்னைப் பார்த்து எழுந்து நின்றாள். அது மரியாதைக்காக இல்லை, நான் கூட்டிப்போக வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

"ரெண்டாம் நாளே கேட்டேங்க்கா, எப்ப விடுவியன்னு. மேடம் வந்து கையெழுத்து போட்டாத்தான்னாக. நான் தானா வந்தவ, எனக்கு எதுக்கு மேடம் கையெழுத்துன்னேன். வார்டு அக்கா சிரிச்சிட்டாக. இங்க எல்லாருமே அப்படித்தான் சொல்லுவாகளாம்."

அவளை யாரும் அடிக்கவில்லை, கட்டிப்போடவில்லை. சாப்பாடு நன்றாக இருந்தது, மாத்திரையும் சரியான மாத்திரை. அவள் சொல்வதற்கு மட்டும் அங்கே மதிப்பில்லை. தானாக வந்தேன் என்று அவள் சொல்லச் சொல்ல அது நோயின் அறிகுறியாகக் குறிப்பில் ஏறியது. கோப்பைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. 'நோய் பற்றிய உணர்வில்லை' என்று மூன்றாம் நாள் எழுதியிருந்தார்கள். தன் நோயை அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள்.

அதைவிட மோசமான ஒன்றை, வார்டு அக்கா வழியாகத் தெரிந்ததை, அவளே சொன்னாள். தினமும் மாலையில் அம்மாவோடு பேசுவாள். போன் கவரில் அணைந்து கிடந்ததால் அம்மா பதறி ஹாஸ்டலுக்கு அழைத்திருக்கிறார். மேடம் உண்மையைச் சொல்லிவிட்டார். சொல்லக் கூடாது என்று மேடத்திடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருக்க வேண்டியவள் நான்.

அன்று பிற்பகல் நாங்கள் இரண்டு வெள்ளைத் தாள்களில் எழுதினோம். இவற்றை நீங்களும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம், வக்கீல் வேண்டாம்.

முதல் தாள், டாக்டருக்கும் மனநல மறுஆய்வு வாரியத்துக்கும். நான் தானாக வந்தேன், என்னைச் சுயவிருப்பச் சேர்க்கையாக மாற்றுங்கள், இல்லையென்றால் இந்தச் சேர்க்கையை எதிர்த்து முறையிடுகிறேன் என்று. ஆதரவுச் சேர்க்கையில் இருக்கும் யாரும் வாரியத்திடம் முறையிடலாம். பெண் என்றால் சேர்த்த மூன்று நாளுக்குள் மருத்துவமனையே வாரியத்துக்குத் தெரிவித்திருக்கவும் வேண்டும். இதில் எதையும் அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவளுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. போன் பேசவும் பார்வையாளர்களைச் சந்திக்கவும் அவளுக்கு உரிமை உண்டு. அதையும் தாளில் சேர்த்தோம்.

இரண்டாவது தாள், நியமனப் பிரதிநிதிக்கு. தன் சார்பில் பேச ஒருவரை நோயாளியே எழுதிக் கையெழுத்திட்டு நியமிக்கலாம். அந்த ஒருவர் ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும், அவ்வளவுதான். நோயாளி ஒருவரை நியமித்திருந்தால், பராமரிப்பாளர் என்று சொல்லிக்கொண்டு வேறு யாரும் அந்த இடத்துக்கு வர முடியாது. என் பெயரை எழுதுகிறாயா என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்தவள் என்ற நினைப்பு எனக்கு இருந்தது.

"நீங்க வேண்டாங்க்கா. நீங்க கம்பெனி ஆளு."

கோபமாகச் சொல்லவில்லை. அம்மா பெயரை எழுதினாள். ஊருக்குத் தெரிந்த பிறகு மறைக்க என்ன இருக்கிறது என்றாள். தாள்களை வார்டு நர்ஸிடம் கொடுத்தாள். அவர் வாங்கிக் கோப்பில் வைத்தார்.

5. நான்கு நாள்

இன்னொரு தாள் பாக்கி இருந்தது. அதை நான் எழுத வேண்டும். வண்டிச் சீட்டில் நான் டிக் செய்த இரண்டும் உண்மையல்ல, கேட்டில் வண்டி விடுவதற்காகச் செய்தது, அந்தப் பெண் தானே நடந்து வந்து சேரக் கேட்டாள். மூன்றே வரிகள்.

திங்கட்கிழமை தயாளன் சாரிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை.

"பொய்யா டிக் பண்ணேன்னு நீங்களே எழுதிக் குடுக்கப் போறீங்களா? ஆறு வருஷமா எத்தன சீட்டு போட்டிருக்கீங்க சிஸ்டர்? அத்தனையும் எடுத்துப் பாப்பாங்க. உங்களுக்கு ரெஜிஸ்ட்ரேஷன்னு ஒண்ணு இருக்கு. யோசிச்சுச் செய்ங்க."

யோசித்தேன். திங்கள் யோசித்தேன், செவ்வாய் யோசித்தேன். என் வேலை, நர்சிங் கவுன்சில் பதிவு, வீட்டில் என் சம்பளத்தை நம்பி நடப்பவை என்று வரிசை போட்டு எழுதிப் பார்த்தேன். எனக்கு எதையும் வரிசையாக எழுதினால்தான் புரியும். இடது பக்கம் ஏழு இருந்தது. வலது பக்கம் பேச்சியம்மாள் என்ற ஒன்றே ஒன்று இருந்தது. அந்த ஒன்றுக்கு எடை அதிகம் என்பது எழுதி முடித்ததுமே தெரிந்தது. இருந்தும் புதன்கிழமையும் போகவில்லை.

வியாழக்கிழமை அந்த மூன்று வரிகளை எழுதி, ஷிப்ட் மாற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போய் மனநல டாக்டரிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தார்.

"நீங்க எழுதினத நம்பித்தான் நான் ஃபார்ம் போட்டேன் சிஸ்டர். இப்ப வந்து அது சும்மான்னு சொல்றீங்க."

நான் எழுதியதை நம்பினீர்கள், அவள் சொன்னதை ஏன் நம்பவில்லை என்று கேட்கத் தோன்றியது. கேட்கும் தகுதி எனக்கு இல்லாததால் கேட்கவில்லை. அவர் பேச்சியம்மாளைத் தனியாக அழைத்துப் பேசினார். இந்த முறை நாற்பது நிமிடம். வெளியே வந்து, சுயவிருப்பச் சேர்க்கையாக மாற்றிக் கையெழுத்திட்டார். அப்போதுதான் கோப்பைப் புரட்டி ஞாயிற்றுக்கிழமைத் தாள்களைப் பார்த்தார். அதுவரை அவற்றை யாரும் அவரிடம் காட்டியிருக்கவில்லை.

அவள் எழுதிய தாள் நான்கு நாள் கோப்பில் கிடந்தது. நான் எழுதிய தாள் ஒரு மணி நேரத்தில் வேலை செய்தது. இரண்டிலும் ஒரே விஷயம்தான் இருந்தது.

அந்த நான்கு நாளுக்காகத் தயாளன் சாரையோ மேடத்தையோ டாக்டரையோ குறை சொல்ல முடியாது. அவை என் நாட்கள்.

6. அதே கட்டில்

சனிக்கிழமை அம்மா வந்தார். ஊரிலிருந்து ஓர் இரவு முழுக்கப் பஸ்ஸில் வந்து, மகளை உடனே கூட்டிப்போக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாராம். அம்மாவே கேட்டாலும் நோயாளி விரும்பினால்தான் அனுப்ப முடியும் என்று டாக்டர் இந்த முறை சரியாகச் சொல்லியிருக்கிறார். பேச்சியம்மாள் போகவில்லை. மாத்திரை இப்போதுதான் ஒத்துக்கொள்கிறது, இன்னும் ஐந்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள்.

"சாவி எங்கிட்ட இருக்குன்னா உள்ள இருக்கதுல ஒண்ணுமில்லம்மா" என்றாளாம். அம்மா இதைப் போனில் என்னிடம் சொல்லி, என்ன சொல்கிறாள் என்றே புரியவில்லை என்று அழுதார்.

அதே வார்டு, அதே கட்டில், அதே மாத்திரைதான். ஐந்து நாள் நன்றாகத் தூங்கினாள். வியாழக்கிழமை தானே எழுதிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

பயந்து அவளை அடைத்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்று நான் எதிர்பார்த்தேன். கதவு திறந்திருந்தும் அவள் ஓடவில்லை. சிகிச்சையை முழுதாக முடித்துக்கொண்டாள். கம்பெனியில் யாரும் கவனிக்கவில்லை. வேலைக்குத் திரும்பத் தகுதிச் சான்று கேட்டார்கள். மனநல டாக்டர் தந்தார்: வேலைக்குத் தகுதியானவர், மூன்று மாதத்துக்கு இரவு ஷிப்ட் தவிர்க்கவும். லைனில் மூன்று ஷிப்டும் வராதவருக்கு இடமில்லை என்றது ஹெச்.ஆர். ட்ரெய்னி ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியில் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. வேலையை விட்டு நீக்கியதாக ஒரு காகிதமும் இல்லை. அதனால் எதிர்த்துக் கேட்கவும் ஒரு காகிதமும் இல்லை.

எனக்கு ஒரு மெமோ வந்தது. பதிவுகளைக் கவனக்குறைவாகக் கையாண்டதற்காக. வாங்கிக்கொண்டேன். வண்டிச் சீட்டு மாறியது. பழைய நான்கு கட்டங்கள் அப்படியே இருக்கின்றன. அடியில், 'மேற்கண்ட விவரங்களுக்கு நர்ஸே முழுப் பொறுப்பு' என்று ஒரு வரி சேர்ந்திருக்கிறது.

7. வெளியேறும் படிவம்

வேலையை விட்டுப் போகிறவர்கள் ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு ஸ்டோர், கேன்டீன், ஹாஸ்டல், மருத்துவ அறை என்று ஒவ்வோர் இடத்திலும் கையெழுத்து வாங்க வேண்டும். பேச்சியம்மாள் அந்தப் படிவத்தோடு வந்தாள். சுடிதார், தோளில் பை. கம்பெனிக்குள் யூனிஃபார்ம் இல்லாமல் அவளை நான் பார்த்தது அன்றுதான். சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் பகல் ஷிப்ட் மட்டும் இருப்பதாகக் கேள்விப்பட்டு விண்ணப்பித்திருந்தாள். அங்கே மருத்துவ விவரம் கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டாள். அவர்களாக இங்கே கேட்டால் நான் ஒன்றும் தர மாட்டேன், உன் விவரம் உன்னுடையது, உன் சம்மதம் இல்லாமல் யாருக்கும் போகாது என்றேன்.

"இங்க லைன்ல இருக்க எல்லாருக்கும் தெரியுமே அக்கா" என்றாள்.

கையெழுத்திட்டுக் கொடுத்தேன். நான் செய்தது தவறு, மன்னித்துக்கொள் என்று சொன்னேன். பல நாளாக மனதில் வைத்திருந்ததால் பரீட்சைப் பதில்போல் வரிசையாகத்தான் வந்தது. எதையெல்லாம் எழுதியிருக்க வேண்டும், யாரிடம் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று.

அவள் முழுவதும் கேட்டாள். படிவத்தை மடித்துப் பையில் வைத்தாள்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுக்கா. ஆனா நீங்க என்னையக் கேட்டிருக்கலாம்லா. நான் உங்க எதுத்தாப்லதான இருந்தேன்."

வெளியே ஹாஸ்டல் ஆட்டோ நின்றிருந்தது. போய்விட்டாள். பிறகு இரண்டு முறை போனில் அழைத்தேன், எடுக்கவில்லை. எடுக்காமல் இருக்க அவளுக்கு உரிமை இருக்கிறது.

இப்போது நான் இப்படிச் செய்கிறேன். யாரையாவது மனநல மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியிருந்தால், எழுதுவதற்கு முன் பேனாவை மூடி வைக்கிறேன். எங்கே அனுப்பப் போகிறேன், அங்கே எத்தனை விதமாகச் சேர்ப்பார்கள், ஒவ்வொன்றிலும் யார் கையெழுத்தில் வெளியே வரலாம் என்று சொல்கிறேன். யாருக்குச் சொல்ல வேண்டும், யாருக்குச் சொல்லக் கூடாது என்று கேட்கிறேன். உனக்காகப் பேச யார் என்று கேட்டு, வெள்ளைத் தாளில் அவர்கள் கையாலேயே எழுதச் சொல்கிறேன். எழுதிய பிறகு நான் எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டுகிறேன். இதற்கு அரை மணி நேரம் ஆகிறது. வெளியில் டெர்மினல் குத்திய கைகள் காத்திருக்கும். முறைப்பார்கள். பொய்க் கட்டம் டிக் செய்வதில்லை என்பதால் கேட்டில் வண்டி கிடைப்பதில்லை. ஆட்டோவில் நானே கூட்டிப்போகிறேன், அதற்கும் ஒரு மெமோ வந்திருக்கிறது. போன மாதம் ஒரு பெண், இவ்வளவையும் கேட்டுவிட்டு, ஆஸ்பத்திரி வேண்டாம், தூங்க விடுங்கள் போதும் என்றாள். தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்டேன். இல்லை என்றாள். நம்பினேன். ஷிப்ட் முடியும்வரை மருத்துவ அறையின் மூன்றாவது கட்டிலில் தூங்கினாள். பயந்துகொண்டேதான் உட்கார்ந்திருந்தேன்.

உங்களுக்கும் பயமாகத்தான் இருக்கும். ஒருவரை நம்பி விட்டு, அது தவறிப்போனால் நம்மைக் கேட்பார்கள். நம்பாமல் அடைத்து, அது தவறென்றால் நம்மை யாரும் கேட்பதில்லை. எல்லாப் படிவங்களும் அந்தப் பயத்தால் செய்யப்பட்டவை. அதைத் தெரிந்துகொண்டு பேனாவை எடுங்கள்.